நல்ல சேதி வந்த வழி

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் விடியற்காலையில் வாசலில் வந்து நின்று ‘சேதி வந்திருக்கு’ என்றால், நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘யாரு?’ என்றுதான் கேட்பார்கள். வெறும் ‘சேதி’ என்றால் சாவுச் சேதி. கல்யாணம், காதுகுத்து, பிள்ளை பிறந்தது என்றால் அந்தந்த விஷயத்தைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சாவுக்கு மட்டும் அடைமொழி தேவையில்லை.

அந்தச் சொல்லை எடுத்து, முன்னால் ‘நல்ல’ என்று சேர்த்து, தன் விசுவாசத்தின் உள்ளடக்கம் முழுவதற்கும் பெயராக வைத்திருக்கிறது தமிழ்க் கத்தோலிக்கம்: நற்செய்தி. அதே ஊரின் லுத்தரன் சபையிலும் பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்திலும் பெயர் வேறு: சுவிசேஷம். மத்தேயுவின் நூலை ஒரு பைபிளில் திறந்தால் ‘மத்தேயு நற்செய்தி’ என்றும், இன்னொன்றில் திறந்தால் ‘மத்தேயு எழுதின சுவிசேஷம்’ என்றும் இருக்கும். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. இந்த இரண்டில் எது எளிய தமிழ் என்று இன்று யாரைக் கேட்டாலும் நற்செய்திதான் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பதில் எல்லாக் காலத்துக்கும் பொருந்துவதில்லை. இந்தப் பெயரின் வரலாற்றில் என்னைப் பிடித்து இழுப்பது அதுதான்.

மூலச் சொல் கிரேக்கம்: எவாங்கெலியோன். ‘எவ்’ என்றால் நல்ல, ‘அங்கெலோஸ்’ என்றால் சேதி கொண்டுபோகிற ஆள். ஹோமரின் ஒடிசியில் இந்தச் சொல் சேதியைக் குறிக்கவில்லை. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கிற பரிசைக் குறித்தது. பிறகு பரிசிலிருந்து சேதிக்கே பெயர் இடம் மாறியது. கி.மு. 9-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரத்துக் கல்வெட்டு ஒன்று அகஸ்டஸ் பேரரசனின் பிறந்தநாளை உலகத்துக்கான நற்செய்திகளின் தொடக்கம் என்று கொண்டாடுகிறது. ராஜாவின் பிறந்தநாள், பட்டாபிஷேகம், போர் வெற்றி ஆகியவைதான் அந்தக் காலத்து எவாங்கெலியோன். அரண்மனையிலிருந்து கிளம்பி வரி கட்டுகிறவன் வாசலுக்கு வருகிற சேதி அது. அந்தச் சொல்லை கலிலேயாவின் ஒரு தச்சர் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றி முதல் கிறிஸ்தவர்கள் சொல்லத் தொடங்கியபோது, கேட்டவர்களுக்கு அதன் துணிச்சல் புரியாமல் இருந்திருக்காது.

எபிரேயத்தில் இதற்கு முந்தைய வேர் ஒன்று உண்டு: ‘பாசர்’, சேதி சொல்வது. சேதி கொண்டு ஓடிவருகிறவன் ‘மெபசேர்’. ஏசாயாவின் புத்தகத்தில் மலைகளின்மேல் ஓடிவருகிற ஒருவனுடைய பாதங்களைத் தீர்க்கதரிசி போற்றுகிறார். அவன் நல்ல சேதி கொண்டுவருகிறான். ஆனால் சாமுவேலின் முதல் புத்தகத்தில், போரில் தோற்றதையும் ஏலியின் இரு மகன்கள் செத்ததையும் உடன்படிக்கைப் பெட்டி பறிபோனதையும் சொல்ல வந்தவனுக்கும் அதே ‘மெபசேர்’ என்ற பெயர்தான். கிழவர் ஏலி அதைக் கேட்டதும் இருக்கையிலிருந்து பின்னால் சாய்ந்து விழுந்து உயிர் விடுகிறார். அதனால்தான் ஏசாயா ‘நல்ல’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காட்டின் கிராமத்துக் காது இதை உடனே புரிந்துகொள்ளும்.

இந்தப் பெயர் தமிழ்க் கரைக்கு வந்தபோது என்ன ஆனது என்பதற்கு வருவோம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். போர்த்துக்கேயம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் அமைத்தார். விசுவாசப் பிரமாணத்தில், கடவுளை நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்துவிட்டது. எனக்குக் கடவுள் வேணும் என்று மக்கள் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதைத் திருத்தச் சொல்கிறார்: ‘வேணும்’ என்பதற்குப் பதிலாக விசுவாசிக்கிறேன் என்ற பொருள் தரும் சொல்லைப் போட வேண்டும் என்று. தமிழில் இந்த விசுவாசத்தைச் சொல்ல முயன்றவர்களின் முதல் திருத்தக் குறிப்புகளில் இதுவும் ஒன்று. சவேரியாரின் திருத்தம் சரி. ஆனாலும் அந்த மீனவர்கள் பல மாதம் சொன்ன ‘வேணும்’ முழுத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவர்கள் வாயிலிருந்த சொல். விசுவாசம் என்ற வடசொல்லுக்கு அவர்கள் பின்னால்தான் பழகினார்கள்.

அடுத்து வந்த அன்ரிக் அன்ரிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இந்திய மொழி எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அந்தப் பதினாறு பக்கங்கள். கடலோரக் கிறிஸ்தவத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள் அப்படியே குடியேறின. குருசும் பாதிரியும் அந்த வழியில் வந்தவை. சாவியும் ஜன்னலும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான். வீட்டுச் சாமான்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. வழிபாட்டுப் பெயர்கள் பலவும் உள்நாட்டில் எடுபடவில்லை. மதுரைக்கு 1606-ல் வந்த ராபர்ட் தெ நோபிலி அவற்றை ஒதுக்கிவிட்டு, வேதம், பூசை, ஞானஸ்நானம், சர்வேசுரன் என்று நாட்டில் மதிப்புப் பெற்ற சொற்களைக் கையில் எடுத்தார். 1623-ல் அவர் சேந்தமங்கலம், சேலம் வரை நடந்து போனார். சேலத்திலிருந்து கிழக்கே பார்த்தால் அடுத்துப் படர்ந்திருக்கிற பெரிய மலைத் தொகுதிகளில் ஒன்று கல்வராயன்.

நோபிலியின் வழி படித்தவர்களின் வழி என்று குறை சொல்வார்கள். பாதி உண்மை. இன்றும் தென்மாவட்டங்களில் தேவாலயத்தை வேதக்கோயில் என்றும் கிறிஸ்தவரை வேதக்காரர் என்றும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். பண்டிதர் மரபிலிருந்து எடுத்த சொல் மக்கள் வாயில் அப்படி இறங்கிவிட்டது.

இந்த வட்டாரத்துக்கு நேராகத் தொடர்புள்ளவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடைப்பட்ட நாட்டில் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் அவரைப் படிக்கிறோம். எனக்கு அவருடைய இன்னொரு முகம் பெரிது. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியது போதாதென்று, தெருவில் பேசுகிற தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார்: கொடுந்தமிழ் இலக்கணம். புதிதாக வருகிற பாதிரிமார் சந்தையிலும் களத்துமேட்டிலும் பேசுவது புரிந்து பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. அதை 1738-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், அவர் கடுமையாகச் சாடி எழுதிய அதே லுத்தரன் மிஷனரிகள். எதிராளியின் புத்தகம் என்று பார்க்காமல், பேச்சுத் தமிழ் கற்க அதைவிட நல்ல நூல் இல்லை என்று அவர்கள் அச்சுக் கோத்தார்கள். 

ஊர் ஊராக விசுவாசத்தைச் சொல்லித் தருகிற ஆட்களுக்காக அவர் உரைநடையில் எழுதிய நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. வேதியர் என்றால் தமிழில் வேதம் ஓதுகிற பிராமணர். அந்தப் பெயரை ஞானோபதேசம் சொல்லித் தருகிற கிராமத்து மனிதருக்குத் தூக்கிக் கொடுத்தது கிறிஸ்தவ வழக்கு. பங்குகளில் இன்றும் ‘வேதியர்’, ‘உபதேசியார்’ என்ற இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. பாதிரியார் மாதத்துக்கு ஒரு முறை வந்த காலத்தில், மற்ற நாட்களில் விசுவாசம் பேசியது உபதேசியாரின் வாயில்தான். வெளிநாட்டுப் பாதிரியாரின் பிரசங்கம் புரியாதபோது, ‘சாமி என்ன சொல்றாருன்னா…’ என்று ஊர்த் தமிழில் திருப்பிச் சொன்னவர் அவர். தமிழ்க் கிறிஸ்தவத்தின் எளிய மொழியை உண்டாக்கியவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், பெயர் பதியப்படாத அந்த உபதேசியார்களையே நான் சொல்வேன்.

இனி சுவிசேஷம். சொல்லைப் பிரித்தால் சு, விசேஷம். ‘சு’ என்றால் நல்ல. ‘விசேஷம்’ என்றால்? இன்றைய காதுக்கு இரண்டு பொருள் தோன்றும். ஒன்று, சிறப்பு. இன்னொன்று, வீட்டு நிகழ்ச்சி. ‘எங்க வீட்ல ஒரு விசேஷம், குடும்பத்தோட வந்துடுங்க’ என்று பத்திரிகை வைத்து அழைக்கிறோம். புதுப்பெண்ணைப் பார்த்து ‘விசேஷம் உண்டா?’ என்று கிழவிகள் கேட்பது வேறு கணக்கு. ஆக, சபைக்கே போகாத ஒருவர் சுவிசேஷம் என்று முதல் முறை கேட்டால், நல்ல சிறப்பு, நல்ல நிகழ்ச்சி என்று ஏதோ மங்கலாக எடுத்துக்கொள்வார். சேதி என்ற பொருள் அவருக்குக் கிடைக்காது. 

ஆனால் பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். ‘மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை’ என்று முடித்திருப்பார்கள். அங்கே விசேஷம் என்பது சிறப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. வேறு சேதி இல்லை என்றுதான் அர்த்தம். ‘ஊர்ல என்ன விசேஷம்?’ என்று பெரியவர்கள் கேட்டால் ஊர்ச் சேதியைத்தான் கேட்கிறார்கள். மலையாளத்தில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வழியில் பார்த்ததும் ‘எந்தா விசேஷம்?’ என்றுதான் விசாரிப்பார்கள். அவர்களுக்கும் கிறிஸ்தவப் பெயர் சுவிசேஷம்தான்.

பக்கத்து மொழிகள் இதை இன்னும் உறுதிப்படுத்துகின்றன. தெலுங்கில் சுவார்த்த, கன்னடத்தில் சுவார்த்தெ. வார்த்தை என்பது அங்கே செய்தி. இந்தியில் சுசமாச்சார், சமாச்சாரம் என்பது செய்தி. எல்லாருமே ஒரே முறையைத்தான் பின்பற்றினார்கள். தங்கள் மொழியில் மக்கள் சேதிக்கு எந்தச் சொல்லைப் புழங்கினார்களோ அதை எடுத்து, முன்னால் ‘சு’ போட்டார்கள். தமிழில் அப்படி எடுத்த சொல் விசேஷம். அதாவது சுவிசேஷம் என்பது பிறந்தபோது பண்டிதர் சொல் இல்லை. நல்ல சேதி என்பதை அந்தக் காலத்துத் தெருவிலும் கடிதத்திலும் எப்படிச் சொன்னார்களோ அப்படிச் சொன்ன சொல். 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் அது நிலைத்தது. நெல்லைச் சீமையில் சுவிசேஷபுரம் என்று ஊருக்கே பெயராயிற்று. 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் ஏறியது. 

பிறகு மொழி நகர்ந்தது, சொல் நின்றுவிட்டது. சேதி என்ற பொருளை விசேஷம் கைவிட்டது. அந்த இடத்துக்குச் சமாசாரமும் வர்த்தமானமும் சங்கதியும் போட்டியிட்டன. பீட்டர் பெர்சிவல் 1855-ல் நடத்திய இதழின் பெயர் ‘தினவர்த்தமானி’. இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கமும் வானொலியும் சேர்ந்து ‘செய்தி’யை அரியணையில் ஏற்றின. ஆகாசவாணியில் தினமும் செய்திகள் வாசிக்கப்பட்ட பிறகு, வேறு எந்தச் சொல்லும் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சுவிசேஷம் சபைக்குள் மட்டும் புழங்கும் சொல்லாகச் சுருங்கியது. உள்ளே இருப்பவர்களுக்கு அது தாய்ப்பால் மாதிரி இனிக்கும். சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் கேட்ட சொல், பாட்டி ஜெபத்தில் சொன்ன சொல். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். வெளியே நிற்பவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செய்தியின் பிறப்பு அழகானது. ‘செய்’ என்ற வினையோடு ‘தி’ சேர்ந்து செய்தி, ‘உய்’யோடு சேர்ந்து உய்தி, ‘மற’வோடு சேர்ந்து மறதி. ஆகவே செய்தி என்பதன் முதல் பொருள் செய்யப்பட்டது, செயல். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் பாடிய பாட்டில் செய்தி என்ற சொல் ஒருவர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கிறது. அதைக் கொன்றவருக்கு உய்வு கிடையாது என்பது அந்தப் பாட்டின் கருத்து. செய்தியும் உய்தியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. நடந்த செயலிலிருந்து, நடந்ததைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் மெதுவாக நகர்ந்தது. பேச்சு வழக்கில் ‘ய்’ உதிர்ந்து, எகரம் நீண்டு, சேதி ஆயிற்று. 

இந்த வேரை மனத்தில் வைத்துக்கொண்டு நற்செய்தி என்ற சொல்லைக் கேட்டால் அது இரண்டு வேலை செய்கிறது: நல்ல சேதி, நல்ல செயல். கிறிஸ்தவர்கள் நம்புவதும் இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான். கடவுள் ஒரு கருத்தைச் சொல்லி அனுப்பவில்லை, ஒன்றைச் செய்தார். பாவிகளையும் ஏழைகளையும் தேடி மனிதனாக வந்தார், அவர்களுக்காகச் செத்தார், உயிர்த்தார். அதைப் போய்ச் சொல்லுங்கள் என்பதுதான் அந்தச் சேதி. கிரேக்கத்திலும் இந்தப் பொருத்தம் இல்லை, சமஸ்கிருதத்திலும் இல்லை. சொல்லாராய்ச்சியையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட தேவநேயப் பாவாணர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். தமிழ் வேர்களுக்கு இப்படி எத்தனையோ ஆழம் உண்டு என்று அவர் ஆயுள் முழுவதும் வாதாடினார். இந்த ஒரு சொல்லிலாவது அவர் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமில்லை.

நற்செய்தியைத் தமிழ்க் கத்தோலிக்க வழிபாட்டில் முழுமையாக உட்கார வைத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய காலம். 1962-லிருந்து 1965 வரை நடந்த அந்தச் சங்கம் லத்தீன் பூசைக்குப் பதிலாக மக்கள் மொழியில் வழிபட வழி திறந்தது. அதன் தொடர்ச்சியாக 1995-ல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அந்த வேலையைச் சுமந்த விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருப்பது திண்டிவனத்தில். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர். இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் கேட்கிற தமிழின் பெரும் பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

அந்த மொழிபெயர்ப்பில் நற்செய்தியோடு சேர்ந்து வருகிற வினைச்சொல் ஒன்றை யாரும் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. பழைய மொழிபெயர்ப்பில் சுவிசேஷத்தைப் ‘பிரசங்கிப்பார்கள்’. புதியதில் நற்செய்தியைப் ‘பறைசாற்றுவார்கள்’. எழுத்து நடையில் இது இலக்கியச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் பறை என்பது வெறும் உருவகம் இல்லை. அதை அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாவு விழுந்தால் பறையடிப்பது, உறவினர் இருக்கிற ஊர் ஊராக நடந்துபோய் இழவு சொல்வது, ஊர்க்கூட்டத்துக்குத் தண்டோரா போடுவது ஆகிய மூன்றும் சேரிக்காரர்களின் தலையில் கட்டப்பட்ட வேலைகள். இருபது மைல் நடந்துபோய்ச் சேதி சொன்னவர் திண்ணையில் ஏற முடியாது. வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தமிழக அரசு 2022-ல்தான் உத்தரவிட்டது.

தென்னாற்காட்டில் கிறிஸ்தவர்களாகச் சேர்ந்தவர்களில் பெரும் பகுதி இதே மக்கள். தலைமுறை தலைமுறையாகச் சாவுச் சேதியைச் சுமந்து நடந்தவர்களின் கையில் ஒரு நல்ல சேதி கொடுக்கப்பட்டது. அதைப் பறைசாற்றும்படி அவர்களிடமே சொல்லப்பட்டது. இந்தப் பெயரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. எபிரேய மெபசேர், ஹோமரின் தூதன், அகஸ்டஸின் அரண்மனை ஆள் ஆகிய எல்லாரையும் தாண்டி, இந்தப் பெயருக்கு முழு உரிமையோடு சொந்தக்காரர் என்றால் அது அந்த இழவு சொல்லப் போனவர்தான்.

இதை மிஷனரிகளில் சிலராவது உணர்ந்திருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர். சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுப்பதை ஏற்க முடியாமல் அந்த மிஷனை விட்டு விலகினார். 1860-களில், 1821-லேயே டென்மார்க்கில் தொடங்கியிருந்த டேனிஷ் மிஷன் சங்கத்தோடு சேர்ந்து, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தென்னாற்காட்டில் வேலையை நடத்தினார். அந்தப் பரம்பரைதான் திருக்கோவிலூரிலும் திருவண்ணாமலையிலும் இன்றும் டேனிஷ் மிஷன் என்று மக்கள் சொல்கிற மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் நிற்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையாகவும் தொடர்கிறது. அதே டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897-ல் தமிழ்ப் பழமொழிகளை வகைப்படுத்தித் தொகுத்து வெளியிட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள். ஜனங்கள் ஒரு விஷயத்தைத் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்காத ஆளால் அப்படித் தொகுக்க முடியாது.

ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் எறையூர் இருக்கிறது. பெரிய ஜெபமாலை மாதா கோயிலுள்ள, பழமையான கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தாங்கள் கட்டிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்க வேண்டும் என்று கேட்டார்கள். பொதுப் பாதையும் சமமான இடமும் மறுக்கப்பட்டதிலிருந்து வந்த கோரிக்கை அது. 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே அது வன்முறையாக வெடித்தது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இரு தரப்பும் ஒரே நற்செய்தியை ஒரே தமிழில் ஞாயிறுதோறும் கேட்டவர்கள். மொழி அங்கே எளிமையாகத்தான் இருந்தது. புரியாத சொல் ஒன்றும் இல்லை. செய்தி என்பதன் முதல் பொருள்தான் அங்கே நடக்கவில்லை. எளிய தமிழில் விசுவாசத்தைச் சொல்வது பற்றி எழுதுகிறவன் எறையூரை விட்டுவிட்டு எழுதினால், அது பாதிச் சேதி.

மலைக்கு வருவோம். குறிச்சி என்றாலே மலைசார்ந்த ஊர் என்று அகராதி சொல்கிறது. கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பெயர் பொருந்தக் காரணம் மேற்கே நிற்கிற கல்வராயன். ஊர்க்காரர்கள் வாயில் கல்ராயன். கோமுகி அங்கேதான் பிறக்கிறது. மேலே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினோம் என்பது அவர்களுடைய வம்சக் கதை, பேசுவது தமிழ், கும்பிடுவது கரியராமன் முதலான தங்கள் தெய்வங்களை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை, 1970-களின் நடுவில்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை அதன் வட்டங்களில் ஒன்றாயிற்று. 

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி என்ற பெயரை நாடே உச்சரித்தது. நகரத்தின் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரே தெருவில் பந்தல் பந்தலாகச் சாவு. அந்த வாரம் அங்கே சேதி என்ற சொல்லுக்கு வேறு எந்தப் பொருளும் இருந்திருக்க முடியாது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலையைப் பற்றி விசாரணை எடுத்தது. சாலை, மருத்துவம், பிழைப்பு என்று கேள்விகள் எழுந்தன. மலையைப் பற்றி வெளியுலகம் கேட்டதெல்லாம் காய்ச்சுகிற இடம் என்ற ஒரே சேதி. அங்கே சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைகின்றன, பிள்ளைகள் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது சேதியாகவில்லை.

அந்த மலைக்கும் அந்தத் தெருவுக்கும் போய், இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது இந்தக் கட்டுரையைப் படிக்கக்கூடும். மிரட்டலும் ஆசை காட்டலும் இல்லாமல், கேட்கிறவர் வேண்டாம் என்றால் மரியாதையோடு எழுந்து வரத் தெரிந்தவர்களிடம்தான் பேசுகிறேன்.

சுவிசேஷம், இரட்சிப்பு, பரிசுத்தம், கிருபை, மீட்பு, அருள்பொழிவு ஆகிய சொற்கள் நமக்குப் பழகியவை. அவற்றைச் சபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நற்செய்தி என்ற சொல்லைக்கூட மேடையில் ‘ற்ச்’ என்று அழுத்திச் சொல்லும்போது அது எழுத்துத் தமிழாகத்தான் ஒலிக்கிறது. மலைமேல் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும்போது ‘நல்ல சேதி’ என்றே சொல்லுங்கள். இரட்சிப்பு என்பதற்குப் ‘பிழைக்க வச்சாரு’ என்று சொல்லலாம். பிழைப்பு என்பதன் எடை அந்த மக்களுக்குத் தெரியும். கிருபை என்றால் ‘நாம சம்பாதிக்காம, அவரா கொடுத்தது’ என்று சொன்னால் போதும். மன்னிப்பு என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். கடனைத் தள்ளிவிட்ட கதையை இயேசுவே சொல்லியிருக்கிறார், கந்துவட்டி தெரிந்த ஊரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. விதைத்தவன், தொலைந்த ஆடு, மாவைப் புளிக்க வைத்த பெண் என்று அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் கேட்டவர்கள் வீட்டிலும் நிலத்திலும் இருந்தவை. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கமும் ஏதென்ஸ் பண்டிதர்களின் கிரேக்கம் அல்ல. சந்தையிலும் துறைமுகத்திலும் பேசிய பொதுமொழி.

வேதத்தை வாசித்துக் காட்டுகிறவர்கள், வாசித்து முடித்ததும் கேட்டவரையே அவர் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறாரோ அங்கே நம் சொல்தான் தோற்றிருக்கிறது. அவர் தானாக எந்தச் சொல்லைப் போட்டு நிரப்புகிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்த நோட்டுகள் பத்து ஊரிலிருந்து சேர்ந்தால், அடுத்த திருத்தப் பதிப்புக்குத் திண்டிவனமோ வேதாகமச் சங்கமோ பயன்படுத்திக்கொள்ள நல்ல கருவி கிடைக்கும். விசேஷம் பொருள் இழந்ததைப் போலச் செய்தியும் ஒரு நாள் பொருள் இழக்கலாம். அதை முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்தான்.

வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழியாக வந்த சேதி இது. அதைச் சொல்லப் போகிறவர்கள் மலையிலும் சேரியிலும் அவர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், அவர்களோடு ஒரே பாயில் உட்காருங்கள், அவர்கள் பேசுகிற தமிழில் பேசுங்கள். கீழே இறங்கி வந்த பிறகு, உங்கள் சொந்தச் சபையிலும் அதே பாயை விரியுங்கள்.